ரொட்டியாகாத தானியம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்றொரு நகரம் உண்டு. நம்மூர் நெற்குதிர்களை நூறடிக்கும் மேலாக வளரவிட்டு, 36 குதிர்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தினாற்போல ஒரு கான்கிரீட் கட்டடம் அந்நகரின் நடுவே நிற்கிறது. 1932-இல் ஓட்ஸ் தானியத்தைச் சேமிப்பதற்கென்று எழுப்பப்பெற்று, ஆலை ஓய்ந்தபின் ஹோட்டலாகவும், அதன்பின் பல்கலைக்கழக மாணவர் விடுதியாகவும் வேஷம் மாறிய அக்குதிர்களின் உள்ளே அமைந்த அறைகள் யாவும் வட்டமானவை. கட்டிலை எந்தச் சுவரோடு ஒட்டிப் போடுவது என்பதே அங்கே தங்கியவர்களுக்குப் பெரும் பிரச்சினையாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணியவாறே நான் ஒருநாள் அதைச் சுற்றி வந்தேன்.

அன்று காலை, அவ்வூரில் குடியிருக்கும் என் மகளின் வீட்டில் நான் உண்ட சிற்றுண்டியும் ஓட்ஸினால் ஆனதே. ஆனால் நாம் அறிந்த கஞ்சி அன்று அது. பால், முட்டை, காட்டேஜ் சீஸ் என்னும் உதிரிப் பாலாடைக்கட்டி, பழம் ஆகியவற்றோடு ஓட்ஸைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஓவனில் முக்கால் மணி நேரம் சுட்டு, பர்பியைப் போலச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்த பதார்த்தம். பென்சில்வேனியாப் பக்கத்து ஆமிஷ் குடியானவர்களின் பெயரால் அந்நாட்டில் வழங்கிவரும் இந்தப் பழைய காலை ஆகாரத்தில், புரதத்தைக் கூட்ட வேண்டும் என்னும் இக்காலத்து ஆவேசத்தினால், முட்டையும் பாலாடைக்கட்டியும் முன்னைக்காட்டிலும் தாராளமாகச் சேர்க்கிறார்கள். உடற்பயிற்சிக்காரர்களின் மோகம் இது என்று அலட்சியமாகவே நான் முதற்கவளத்தை எடுத்தேன். ஆனால் அத்துண்டு கரண்டியின் விளிம்பில் குழையாமலும் உதிராமலும் மெத்தென்று நின்ற விதத்தைக் கண்டபோது, இதில் புரதத்திற்குப் புஷ்டி தருவதைவிட முந்திய உத்தியோகம் ஒன்று இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அந்த உத்தியோகத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஓட்ஸ், தானியங்களுள் பிற்காலத்தில் குலம் பெற்ற ஒன்று. கோதுமையும் வாற்கோதுமையும் விளைந்த வயல்களில் களையாக முளைத்துத் திரிந்த புல், அவ்விரண்டும் தளர்ந்துபோகும் குளிரும் ஈரமும் மிகுந்த வட ஐரோப்பிய நிலங்களில் தான் தளராமல் வளர்ந்தமையால், காலப்போக்கில் பயிராக அங்கீகாரம் பெற்றது. ஆயினும் மதிப்பு மட்டும் எளிதில் வரவில்லை. இங்கிலாந்தில் குதிரை தின்பதும் ஸ்காட்லாந்தில் மனிதர் தின்பதுமான தானியம் இது என்னும் கருத்துப்படச் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியிலேயே கிண்டல் செய்து வைத்தார். அமெரிக்காவிலும் அதே நிலைதான். ஜெர்மனியிலிருந்து ஆக்ரனுக்கு வந்து மளிகைக்கடை வைத்திருந்த ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் என்பவர், தம் தாயகத்தில் மனிதர் உண்ணும் பொருளை இங்கே லாயத்திற்கு மட்டுமே அனுப்புகிறார்களே என்று வியந்து, 1850-களில் ஓட்ஸை உடைத்து விற்கத் தொடங்கினார். உள்நாட்டுப் போரின்போது ராணுவத்தார் மூட்டை மூட்டையாக வாங்கியதில் அவர் வியாபாரம் பெருகிற்று. 1886-இல் அவருடைய பேராலை தீக்கிரையாயிற்று. பின்னர்ப் போட்டியாளர்களும் அவரும் ஒன்று சேர்ந்ததிலிருந்து வளர்ந்ததே 1901-இல் உருவான குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி. நான் சுற்றி வந்த குதிர்கள் ஒருகாலத்தில் அதனுடையவை.

குதிரைக்கு ஒதுக்கப்பட்டதற்கு வெறும் செருக்கு மட்டுமே காரணமன்று. ஓட்ஸ் மாவைப் பிசைந்தால் உப்பிய ரொட்டி வராது. ரொட்டியே பிரதான ஆகாரமாக உள்ள தேசத்தில் இதைவிடப் பெரிய குறை வேறென்ன வேண்டும்? கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் குளூட்டன் என்னும் வலையாகின்றன. நொதிக்கும் மாவில் எழும் வாயு அவ்வலைக்குள் சிறைப்பட்டு ரொட்டியை உப்பச் செய்கிறது. பரோட்டாக் கடைக்காரர் மாவை வீசி விசிறியாக்குவதும் இந்த வலையை நம்பித்தான். ஓட்ஸில் அந்த வலை இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை தேடினால், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வாழ்நாள் முழுவதும் விதைகளின் புரதத்தையே ஆராய்ந்த தாமஸ் ஆஸ்பர்ன் என்பவரிடம் போய்ச் சேர்வோம். எந்தப் புரதம் எதில் கரைகிறது என்பதை வைத்தே அவர் ஜாதி பிரித்தார்: சிலது வெறும் நீரில் கரையும், சிலது உப்புநீரில், சிலது சாராயத்தில், சிலது காரத்தில். கோதுமைப் புரதத்தில் பெரும்பகுதி சாராயத்திலும் காரத்திலும் கரையும் வகைகளைச் சேர்ந்தது, குளூட்டனாவதும் அவையே. ஓட்ஸிலோ பெரும்பகுதியாக, உப்புநீரில் கரையும் குளோபுலின் வகையே நிறைந்திருக்கிறது. உப்புநீரில் கரையும் புரதத்தை மிகுதியாக உடையவை எவை என்று பார்த்தால், பட்டாணியும் மொச்சையும் சோயாவுமாகிய பருப்பினங்கள்! வடிவத்தில் தானியமாகவும் புரதத்தின் சுபாவத்தில் பருப்பாகவும் பிறந்துவிட்ட விசித்திரப் பிறவி ஓட்ஸ். பருப்பு மாவில் யாரும் ரொட்டி உப்ப வைப்பதில்லை அல்லவா? அதே காரணம்தான் இங்கும்.

ஆகவே ஓட்ஸைச் சுட்டுத் துண்டு போடத் தக்கதாக ஆக்க வேண்டுமென்றால், அதற்கு இயற்கை கொடுக்காத வலையை வெளியிலிருந்து கொண்டுவந்து பின்ன வேண்டும். முட்டையும் பாலும் அதற்காகவே வருகின்றன. என் மகள் கலந்த அளவை நான் குறித்து வைத்தேன்: ஓட்ஸ் அவல் 200 கிராம், முட்டை 3, பால் 300 மில்லி, காட்டேஜ் சீஸ் 250 கிராம், நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்தது, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது பட்டைப் பொடி, மேலே தூவப் புளூபெர்ரிப் பழம் ஒரு கிண்ணம். ஓவனின் உஷ்ணம் 175 டிகிரி சென்டிகிரேட்.

ஓட்ஸ் அவல் என்று நான் எழுதியது வெறும் உவமையன்று. தானியங்களுள் கொழுப்பு மிகுந்தது ஓட்ஸ். நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் அதில் எண்ணெய்ச் சத்து உண்டு. அக்கொழுப்பைச் சிதைக்கும் லைப்பேஸ் என்னும் நொதியும் அதே மணியின் மேற்புறத்தில் காத்திருக்கிறது. உமி நீக்கி நசுக்கிய மாத்திரத்தில் இரண்டும் கலந்து, சில நாட்களில் மாவு கசந்துபோகும். அந்நொதியின் வீரியத்தை அழிப்பதற்காக ஆலையில் மணியை நீராவியில் வேகவைத்து உலர்த்தி, மறுபடி ஆவி காட்டி, உருளைகளுக்கிடையே நசுக்குகிறார்கள். நாம் கடையில் வாங்கும் ஓட்ஸ், நம்மூர் அவலைப் போலவே, அரைவேக்காடாகத்தான் வீட்டுக்கு வருகிறது. தட்டில் கலந்து வைத்த பத்து நிமிஷத்திற்குள் அது பாலை உறிஞ்சி ஊதிக்கொள்வதன் காரணமும் இதுவே.

இனி ஓவனுக்குள் நடப்பதைக் கண்ணாடிக் கதவின் வழியே பார்ப்போம். முதல் பதினைந்து நிமிஷம் ஒன்றுமே நடவாததுபோல் இருக்கும். கலவையின் உஷ்ணம் 60 டிகிரியை அணுகும்போது ஓட்ஸின் மாவுச்சத்து மணிகள் நீரைக் குடித்துப் பருத்துக் குழம்பைக் கெட்டியாக்குகின்றன. ஏறத்தாழ அதே கட்டத்தில், தனி முட்டையாயிருந்தால் வெள்ளைக்கரு கலங்கத் தொடங்கியிருக்கும். ஆனால் இங்கே முட்டை பாலில் கரைந்து நீர்த்துப்போயிருக்கிறது. அதன் புரத இழைகள் ஒன்றையொன்று தேடிப்பிடிக்க அதிக தூரம் அலைய வேண்டியிருப்பதால், 80 டிகிரியை எட்டினால்தான் அவை கைகோத்துக்கொள்கின்றன. நூல்கண்டுபோல் சுருண்டு கிடந்த ஒவ்வொரு புரதமும் உஷ்ணத்தில் அவிழ்ந்து, பக்கத்து இழையோடு முடிச்சிட்டு, நடுவில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வலையாகிவிடும். தட்டின் ஓரம் முதலில் உறைந்து, நடுப்பகுதி மட்டும் தட்டை அசைத்தால் தளதளவென்று ஆடும் தருணம் ஒன்று வரும். அதுவே எடுக்கவேண்டிய பதம். மீதி வேலையைத் தட்டில் தேங்கிய சூடே முடித்துக்கொள்ளும்.

பதம் தவறி மேலும் சூடேறினால், இழைகள் அளவுக்கு மீறி இறுகித் தாம் பிடித்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். முட்டை திப்பி திப்பியாகவும் நீர் தனியாகவும் நிற்கும். பால்-முட்டைப் பதார்த்தங்களைச் செய்வோருக்குப் பரம சத்துரு இதுவே. ஆயினும் ஓட்ஸ் கலந்த தட்டில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. ஏனெனில் பருத்த மாவுச்சத்து முட்டையின் இழைகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றையொன்று நெருக்கி இறுகாதபடி தடுக்கிறது. வலையில்லாத ஏழைத் தானியம், தனக்கு வலை கொடுத்த முட்டைக்கு இவ்விதம் கைம்மாறு செய்கிறது.

இவ்விடத்தில், முட்டையில்லாமலே இதையெல்லாம் சாதிக்க முயன்ற ஒரு நல்ல கணவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பர்மிங்ஹாம் நகரத்தில் மருந்து வியாபாரம் செய்த ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது, ரொட்டி உப்ப உதவும் ஈஸ்டும் ஒவ்வாது. மனைவியின் பொருட்டு அவர் 1837-இல் முட்டையில்லாத, மாவுச்சத்தினாலேயே கெட்டியாகும் கஸ்டர்டு பவுடரையும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்பவைக்கும் பேக்கிங் பவுடரையும் உண்டாக்கினார். நம் தட்டில் விழும் ஒரு தேக்கரண்டி பவுடர் அந்தத் தாம்பத்தியத்தின் பேறு என்று சொல்வதில் மிகை இல்லை.

புரதம் மிகவேண்டும் என்பவர்களில் பலர், முட்டைக்கும் பாலாடைக்கட்டிக்கும் பதிலாக டப்பாவில் வரும் வே புரதப் பொடியை இரண்டு மூன்று கரண்டி கொட்டிவிடுகிறார்கள். என் மகளும் ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தாளாம். வந்தது ரப்பர்ச் செருப்பு என்றாள். இதன் ரகசியத்தை நம் கிராமத்துப் பெண்கள் வேறு பெயரில் அறிவார்கள். கன்று ஈன்ற பசுவின் முதற்பாலாகிய சீம்பாலில் வெல்லமும் ஏலமும் சேர்த்து ஆவியில் வைத்தால், முட்டையோ மாவோ ஒன்றும் சேராமலே அது கத்தியால் வெட்டத்தக்க கட்டியாகிறது. அதே பசுவின் பத்தாம் நாள் பாலோ எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பொங்குமே தவிர உறையாது. சாதாரணப் பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின்; அதற்கு உஷ்ணத்தைக் கண்டு கலங்கும் சுபாவம் இல்லை. எஞ்சிய ஒரு பங்காகிய வே புரதமே சூட்டில் உறைவது. பாலில் அது மிகச் சொற்பமாகையால் அந்த உறைதல் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சீம்பாலில் அவ்வகைப் புரதம் பன்மடங்கு மிகுந்திருப்பதால் தட்டு முழுதும் கட்டியாகிறது. பொடி டப்பாவிலுள்ளதோ அந்த ஒரு பங்கை மட்டும் தனியே திரட்டி உலர்த்திய சரக்கு. 70 டிகிரிக்கு மேல் அதன் மடிப்புகள் அவிழ்ந்து, உள்ளே மறைந்திருந்த கந்தக முனைகள் வெளிப்பட்டு ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும்போது, கொஞ்சமாயிருந்தால் உறுதியும் அதிகமாயிருந்தால் ரப்பரும் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பாலாடைக்கட்டி செய்வோர் வேண்டாமென்று பன்றிக்கு ஊற்றிய தெளிவுநீரின் புரதத்தை இன்று இவ்வளவு விலை கொடுத்து வாங்கி ரப்பராக்குவானேன் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். காட்டேஜ் சீஸ் இதற்கு நேர்மாறானது. அதிலுள்ளது பெரும்பாலும் கேசின். பாலைப் புளிக்கவைத்து உறையவிட்ட அன்றே அது திரிந்து அடங்கிவிட்டது. ஓவனின் உஷ்ணத்தில் புதிதாக இறுகுவதற்கு அதனிடம் அதிகம் மிச்சமில்லை. மிக்ஸியில் அரைத்துச் சேர்த்தால் இருக்குமிடமே தெரியாமல் கலவையில் ஈரத்தையும் மென்மையையும் காத்து நிற்கும்.

புஷ்டியைப் பற்றியும் கணக்குப் பார்த்துவிடுவோம். மேலே சொன்ன அளவில் ஓட்ஸிலிருந்து 26 கிராம், முட்டையிலிருந்து 18, பாலிலிருந்து 10, காட்டேஜ் சீஸிலிருந்து 28 என்று ஏறத்தாழ 82 கிராம் புரதம் தட்டில் இருக்கிறது. நால்வர் பகிர்ந்தால் தலைக்கு 20 கிராம். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் விதிக்கும் கணக்கில், 60 கிலோ எடையுள்ளவருக்கு வேண்டிய 50 கிராமில் ஐந்தில் இரண்டு பங்கு காலையிலேயே முடிந்துவிடுகிறது. வெறும் நீரில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியாயிருந்தால் ஆறு ஏழு கிராமோடு நின்றிருக்கும்.

அளவைவிடத் தரமே இங்குக் கவனிக்கத்தக்கது. ஓட்ஸின் புரதம் மற்றத் தானியங்களின் புரதத்தைக் காட்டிலும் ஒருபடி மேலானதாயினும், லைசின் என்னும் அமினோ அமிலம் அதிலும் தேவைக்குச் சற்றுக் குறைவு. இக்குறை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதை முன்சொன்ன ஆஸ்பர்னும் அவருடைய சகாவான லஃபாயெட் மெண்டலும் 1914-இல் எலிக்குட்டிகளைக் கொண்டு காட்டினார்கள். மக்காச்சோளத்தின் ஸீன் என்னும் புரதத்தை மட்டுமே உண்ட குட்டிகள் வளரவில்லை. அதில் இல்லாத டிரிப்டோஃபேனையும் லைசினையும் சேர்த்துக் கொடுத்ததும் வளரத் தலைப்பட்டன. சரீரம் ஒரு கொத்தனாரைப் போன்றது; செங்கல் மலையாய்க் குவிந்திருந்தாலும் சுண்ணாம்பு தீர்ந்த இடத்தில் சுவர் நின்றுவிடும். ஓட்ஸில் குறையும் லைசின் பாலிலும் முட்டையிலும் தாராளமாக உண்டு. ஆகவே எந்த இரண்டு பொருள்கள் வந்து துண்டுக்கு உருவம் கொடுத்தனவோ, அவ்விரண்டே புரதத்தின் குறையையும் நிரப்புகின்றன.

புரதத்தின் புகழில் ஓட்ஸின் சொந்தச் சொத்து மறைந்துவிடலாகாது. பீட்டா குளூக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து அதில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருக்கிறது. கஞ்சி வழவழப்பாக இருப்பது அதனால்தான். குடலிலும் அது அதே வழவழப்பாகி, பித்தநீரின் அமிலங்கள் மீண்டும் உடலுக்குள் ஈர்க்கப்படாமல் வெளியேறச் செய்கிறது. இழந்த பித்தத்தை மறுபடி தயாரிக்க ஈரல் ரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துச் செலவிட நேர்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் இதய நோயின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பொட்டலத்தின்மேல் அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதி அளித்தது. நம் தட்டின் கால்பங்கில் 2 கிராம் தேறும்.

பழத்தின் விஷயத்திற்கு வருகிறேன். நான் அங்கிருந்த இரண்டாம் வாரத்தில் ஒருநாள் பேக்கிங் பவுடர் தீர்ந்துபோயிற்று. நாம் ஆப்பசோடா என்று சொல்லும் சோடா உப்பையே கைக்கு வந்தபடி போட்டு அனுப்பினாள் மகள். ஓவனிலிருந்து வந்த தட்டைக் கண்டு என் பேத்தி, "தாத்தா, இது பூசணம்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். உண்மையில் ஒவ்வொரு புளூபெர்ரியைச் சுற்றியும் பாசிபோல ஒரு பச்சை வளையம் இருந்தது. பூசணமும் அன்று, விஷமும் அன்று. அப்பழத்தின் தோலிலுள்ள ஆந்தோசயனின் என்னும் சாயம் புளிப்பில் சிவந்தும், காரத்தில் நீலமாகவும் பச்சையாகவும் மாறிக் காட்டும் இயல்புடையது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதற்கு ஈடான அமிலமும் கலந்திருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். தனிச் சோடாவில் மீந்த காரம் பழச்சாறு கசிந்த இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டது. ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட வர்ண ஆராய்ச்சி நூலில், அமிலத்தில் சிவந்து காரத்தில் பச்சையாகும் வயலட் பூச்சாற்றைக் கொண்டு பொருள்களைச் சோதிக்கும் முறையை விளக்கியிருக்கிறார். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் குப்பென்று சிவக்கும் ஆரத்தித் தட்டும் காரம் கண்டு நிறம் மாறும் வித்தைதான். சாயம் மட்டும் வேறு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காட்டில் பறித்துண்ட புளூபெர்ரியைத் தோட்டத்தில் வளர்க்க முயன்றவர்கள் வெகுகாலம் தோற்றுவந்ததன் காரணம், நல்ல பயிர்மண் என்று சுண்ணாம்பிட்டுப் பண்படுத்திய நிலத்தில் நட்டதுதான் என்பதையும், அதற்கு வேண்டியது புளித்த மண்ணே என்பதையும் ஃபிரெடெரிக் கோவில் என்னும் தாவர சாஸ்திரி கண்டுபிடித்தார். நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட் என்னும் பெண்மணி அவரோடு சேர்ந்து வளர்த்த செடிகளிலிருந்து 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது. மண்ணிலே காரத்தைச் சகியாத செடியின் பழம், மாவிலும் சகிக்கவில்லை!

எந்தப் பழமும் போடலாம், பச்சை அன்னாசியைத் தவிர. இரவே கலந்து குளிர்ப்பெட்டியில் வைத்துக் காலையில் சுடுவோர் இதைக் கருத்தில் கொள்க. அன்னாசியிலுள்ள புரோமலின் புரதத்தைத் துண்டாடும் நொதி. இராமுழுதும் அது முட்டையையும் பாலையும் அரித்து, வலை பின்ன இழையே இல்லாதபடி செய்வதோடு, கசப்பையும் உண்டாக்கிவிடும். பப்பாளிக்காயும் கிவியும் அதே கோஷ்டி. ஒரு கொதி காட்டிய அன்னாசியும் டின்னில் வரும் அன்னாசியும் நொதி மடிந்தவையாகையால் குற்றமற்றவை.

தட்டு வெளிவரும்போது மூலைகள் மட்டும் பொன்னிறமாக முறுகியிருக்கும். உள்ளே நீர் உள்ளவரை உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் வற்றிய விளிம்பில்தான் 140-க்கு மேல் ஏறி, 1912-இல் லூயி காமிய் மையார் விவரித்த புரத-சர்க்கரைக் கிரியை நிகழ்ந்து வறுத்த வாசனை எழுகிறது. அந்த வாசனைக்கு வசப்பட்டு நான் கத்தியை எடுத்தேன்.

"ஆறட்டும் அப்பா, இப்போது வெட்டினால் கூழாகத்தான் வரும்" என்றாள் மகள்.

அவள் சொன்னதே சரி. முட்டை வலை அதற்குள் முடிந்துவிட்டாலும், உஷ்ணத்தில் மணிகளிலிருந்து கசிந்த மாவுச்சத்தின் நீண்ட இழைகள் ஆறும்போதுதான் ஒன்றோடொன்று படிந்து இறுகும். கால் மணி நேரம் சென்று வெட்டினால் துண்டு நேராக நிற்கும். மறுநாள் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததோ, ஆறிய இட்லியைப் போல விறைத்துப்போயிருக்கும். சிறிது சூடு காட்டினால் மறுபடி இளகும். நான்கு மூலைத் துண்டுகளில் மூன்றைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். நான்காவது எனக்கு.